மனசு லேசாகணும்: மாலைப் பொழுதுக்கான ஃபீல் குட் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஏதாவது நல்ல படம் சொல்லேன், அழுகை வேண்டாம், வெட்டுக்குத்து வேண்டாம்" என்று கேட்பவர்களுக்குப் பல வருடங்களாகப் பதில் சொல்லி வருகிறேன். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

யோசிக்க நேரமில்லை. இன்று மாலைக்கு ஒரே ஒரு படம் சொல்லுங்கள்.

காதலிக்க நேரமில்லை. 1964-இல் ஸ்ரீதர் இயக்கியது. அறுபது வருடம் தாண்டியும் வீட்டில் மூன்று தலைமுறை சேர்ந்து உட்கார்ந்து சிரிக்க முடிகிற படம். காதலியின் அப்பாவைச் சம்மதிக்க வைக்க, ரவிச்சந்திரன் தன்னைப் பெரிய பணக்காரரின் மகன் என்று சொல்லிக்கொள்கிறார். அந்தப் பணக்கார அப்பாவாக வேடம் போட்டு வருவது நண்பர் முத்துராமன். கதை அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் போடுவது ஒரு காட்சிக்காக. படம் எடுத்தே தீருவேன் என்று நிற்கும் செல்லப்பாவாக நாகேஷ், தன் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்கிறார். கதவு கிறீச்சிடுவது, காலடி ஓசை, காற்று எல்லாமே நாகேஷின் வாயிலிருந்துதான் வருகின்றன. முதல் தடவை பார்க்கும்போது கண் நாகேஷ் மேலேயே இருக்கும். அடுத்த தடவை பாலையாவை மட்டும் பாருங்கள். வசனம் என்று அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. அலட்சியமாக உட்கார்ந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் மாட்டிக்கொள்வதும், கண் விரிவதும், பெரிய மனிதர் என்ற தோரணை உதிர்ந்து சின்னப் பிள்ளை மாதிரி ஒடுங்கிப்போவதும் முகத்திலேயே நடக்கும். சிரிக்க வைப்பவரைவிடக் கேட்டுக்கொண்டிருப்பவர் பெரிய நடிகராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஃபீல் குட் படம் என்றால் காமெடிப் படம்தானே?

இல்லை. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, முடிந்ததும் ஏதோ கசப்போடு எழுந்துபோன படங்கள் உண்டு. ஒரு தடவைகூட வாய்விட்டுச் சிரிக்காமல், மனசு நிறைந்து எழுந்த படங்களும் உண்டு. நான் பார்க்கிற அடையாளம் ஒன்றுதான்: படம் எடுத்தவருக்குத் தன் கதையில் வரும் மனிதர்களைப் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் அது நமக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் சில்ட்ரன் ஆஃப் ஹெவன் (1997) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தைக்கக் கொடுத்த தங்கையின் ஷூவை அண்ணன் அலி தொலைத்துவிடுகிறான். புதிதாக வாங்க வீட்டில் வசதி இல்லை. அப்பா அம்மாவிடம் சொல்லாமல், அண்ணனின் ஒரே ஜோடி ஷூவை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். தங்கை காலையில் பள்ளி முடிந்து ஓடி வர வேண்டும், அண்ணன் சந்தில் காத்திருந்து மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். அப்புறம் ஒரு ஓட்டப் பந்தயம். மூன்றாம் பரிசில் ஷூ உண்டு என்பதால் அலி மூன்றாவதாக வர ஓடுகிறான். தவறிப்போய் முதலிடம் பிடித்துவிடுகிறான். எல்லோரும் அவனைத் தூக்கிக் கொண்டாடும்போது அவன் முகம் அழுகிறது.

வறுமைதான் கதை. ஆனாலும் பார்த்து முடித்தவர் யாரும் சோகப் படம் பார்த்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கவே இல்லை. அதுதான் மனசில் தங்குகிறது. கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் எழுந்து போகாமல் பாருங்கள். அப்பாவின் சைக்கிளில் என்ன இருக்கிறது என்பதைக் கவனிக்கத் தவறாதீர்கள்.

அப்படியானால் கஷ்டமே வராத படம் ஃபீல் குட் ஆகாதா?

ஆகலாம், ஆனால் சீக்கிரம் மறந்துபோகும். மேகமே இல்லாத வானத்தில் வெளிச்சத்தை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை.

ராதாமோகனின் மொழி (2007) சிரிப்பும் காதலும் நிறைந்த படம் என்றுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். காது கேளாத, வாய் பேசாத ஜோதிகா, அவரைக் காதலிக்கும் இசைக்கலைஞர் பிருத்விராஜ், கூடவே கலாட்டா செய்துகொண்டு பிரகாஷ்ராஜ். அதற்கு நடுவே, மகன் இறந்துபோன 1984-ஆம் வருடத்திலேயே மனசு நின்றுவிட்ட பேராசிரியராக எம்.எஸ்.பாஸ்கர் வருகிறார். ஆரம்பத்தில் அவர் பேச்சுக்கு எல்லோரும் சிரிப்போம். விஷயம் தெரிந்த பிறகு, அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுகொள்ளும். அவர் ஒருவழியாக வாய்விட்டு அழுகிற இடத்தில்தான் படம் நம்மை முழுசாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வருகிற சந்தோஷம் சும்மா வந்ததில்லை.

ஃபிராங்க் காப்ராவின் இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப் (1946) இன்னும் இருட்டுக்குள் போகிறது. வாழ்வே வேண்டாம் என்று ஒருவன் பாலத்தில் நிற்கிறான். அந்தப் படம் வெளியானபோது பெரிய வசூல் இல்லை. 1974-இல் அதன் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் விட்டுப்போனதால், அமெரிக்கத் தொலைக்காட்சிகள் இஷ்டத்துக்குப் போட்டன. வருடா வருடம் பார்த்துப் பார்த்தே மக்கள் அதைத் தங்கள் படமாக்கிக்கொண்டார்கள்.

நாட்டில் இத்தனை பிரச்சினை இருக்கும்போது இப்படிப் படம் பார்ப்பது தப்பித்து ஓடுவதில்லையா?

இந்தக் கேள்விக்குப் பதிலாகவே ஒரு படம் இருக்கிறது. பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் இயக்கிய சல்லிவன்ஸ் டிராவல்ஸ் (1941). காமெடி எடுத்து அலுத்துப்போன இயக்குநர் ஒருவர், ஏழைகளின் துன்பத்தைப் பற்றிக் கனமான படம் எடுக்க ஆசைப்பட்டு, கந்தல் உடையில் ஊர் சுற்றக் கிளம்புகிறார். கடைசியில் நிஜமாகவே சிறைக் கூலி முகாமில் மாட்டிக்கொள்கிறார். ஒரு ராத்திரி கைதிகளுக்குக் கார்ட்டூன் படம் போடுகிறார்கள். காலில் சங்கிலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நம் ஆளும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டு, தானா சிரித்தோம் என்று திடுக்கிட்டுச் சுற்றிப் பார்க்கிறார். அவர்களுக்கு அந்தச் சிரிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது அவருக்கு அங்கேதான் உறைக்கிறது. நானும் அவர் பக்கம்தான்.

தமிழில் நல்ல காமெடி என்றாலே ஆள் மாறாட்டக் கதையாக இருக்கிறதே, ஏன்?

கவனித்தீர்களா! மிஸ்ஸியம்மா (1955) வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவரின் கதை; ஜெமினி கணேசனும் சாவித்திரியும். அன்பே வா (1966) படத்தில் எம்.ஜி.ஆர். ஓய்வுக்காகத் தன் சொந்த வீட்டுக்குப் போகிறார். அங்கே வேலையாள் நாகேஷ் அந்த வீட்டையே வாடகைக்கு விட்டிருக்கிறார். முதலாளி தான் யார் என்று சொல்லாமல் தன் வீட்டிலேயே வாடகைக்கு இருக்கிறார். தில்லு முல்லு (1981) மீசை வைத்தவர் ஒருவர், மீசை இல்லாத தம்பி ஒருவர் என்று ரஜினி அளக்கும் கதை. உள்ளத்தை அள்ளித்தா (1996) பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதன் சூட்சுமம் என்னவென்றால், பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். படத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தில்லு முல்லுவில் முதலாளியாக வரும் தேங்காய் சீனிவாசன் ரஜினியைச் சந்தேகத்தோடு உற்றுப் பார்க்கும்போதெல்லாம் நம் நெஞ்சு திக்கென்கிறது. ஒட்டு மீசை எப்போது மாட்டிவிடப்போகிறதோ என்ற பயமும் சிரிப்பும் ஒன்றாகக் கிளம்புகின்றன. அந்த முதலாளி ஏமாளியாக மட்டும் இருந்திருந்தால் படம் இவ்வளவு ஓடியிருக்காது. அவர் கொள்கைப்பிடிப்புள்ளவர், மீசையே ஒழுக்கத்தின் அடையாளம் என்று முழு மனதோடு நம்புபவர். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவர் மேல் பாசமும் வந்துவிடுகிறது. படம் கே.பாலசந்தர் இயக்கியது, இந்தியில் ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த கோல்மால் (1979) படத்தின் மறு ஆக்கம். இரண்டையும் அடுத்தடுத்த வாரம் பார்த்து ஒப்பிடுவது தனி சுகம்.

இந்த வகையின் உச்சம் மைக்கேல் மதன காமராஜன் (1990). சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம், கமலுக்கு நான்கு வேடம். நான்கு பேருக்கும் பேச்சு வேறு, நடை வேறு. கடைசியில் எல்லோரும் ஒரே வீட்டுக்குள் மாட்டிக்கொள்ள, அந்த வீடு மலை விளிம்பில் இப்படியும் அப்படியும் சாயும். சாப்ளினின் தி கோல்ட் ரஷ் (1925) பார்த்தவர்களுக்கு அந்த ஆடும் குடிசை உடனே ஞாபகம் வரும். தெரிந்த பிறகு இரண்டு மடங்கு ரசிக்கலாம்.

தமிழ் தெரியாத நண்பர்களும் வருகிறார்கள். சப்டைட்டிலோடு கிரேஸி மோகன் படம் போடலாமா?

வேண்டாம். போட்டுப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். அவருடைய சிரிப்பு முழுக்கச் சொல்லிலும் உச்சரிப்பிலும் இருக்கிறது. ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம், அதற்குள் பதில், அதற்குப் பதில் என்று ஓடும். சப்டைட்டிலில் பொருள் வரும், சிரிப்பு வராது. நாம் சிரித்துவிட்டு ஒவ்வொன்றாக விளக்குவதற்குள் அடுத்த மூன்று போய்விடும். விருந்தாளிக்குத் தான் வெளியாள் என்ற உணர்வுதான் மிஞ்சும்.

கலவையான கூட்டத்துக்கு உடம்பாலும் முகத்தாலும் நடக்கிற படம் சரிவரும். சாப்ளினின் மாடர்ன் டைம்ஸ் (1936) யாரையும் கைவிட்டதில்லை. அல்லது எல்லோரும் சேர்ந்து சப்டைட்டில் படிக்கும் வேற்றுமொழிப் படம் ஒன்றைப் போடுங்கள், அப்போது யாருக்கும் சலுகை இல்லை. ஜான்-பியர் ஜூனே இயக்கிய பிரெஞ்சுப் படம் அமெலி (2001) பெரியவர்கள் மட்டும் இருக்கும் கூட்டத்துக்கு ஏற்றது.

சின்னப் பிள்ளைகளோடு பார்க்க?

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அனிமேஷன் படம் மை நெய்பர் டோட்டோரோ (1988). 86 நிமிடம்தான். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. அம்மா மருத்துவமனையில் இருக்கும்போது அப்பாவோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் இரண்டு சிறுமிகள், பக்கத்துக் காட்டில் வாழும் பெரிய உருண்டைப் பிராணி, அவ்வளவே. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் காட்சி ஒன்று வரும். அக்காவின் முதுகில் தங்கை தூங்கிவிட்டாள். பக்கத்தில் டோட்டோரோ வந்து நிற்கிறது. அக்கா அப்பாவுக்காகக் கொண்டுவந்த குடையை அதற்குக் கொடுக்கிறாள். குடை மேல் மரத்திலிருந்து சொட்டும் துளிகளின் சத்தம் அதற்குப் பிடித்துப்போகிறது. ஒரு குதி குதிக்கிறது, மரத்திலிருந்த தண்ணீர் மொத்தமும் கொட்டுகிறது. முகமெல்லாம் பல்லாக அது சிரிப்பதைப் பார்த்து எந்தக் குழந்தையும் சும்மா இருந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. ஜப்பானில் இந்தப் படம் வெளியானபோது, அதே ஸ்டூடியோவின் கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ் படத்தோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டினார்கள். அது போரில் அனாதைகளாகும் அண்ணன் தங்கை கதை, நான் பார்த்த படங்களிலேயே மனசைப் பிழிந்தவற்றில் ஒன்று. "அதே ஸ்டூடியோ படம்தானே" என்று தொடர்ந்து போட்டுவிடாதீர்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு பேடிங்டன் 2 (2017), சிறையில் மாட்டிக்கொள்ளும் பேசும் கரடியின் கதை. சிறை உடைகளோடு ஒரு சிவப்பு சாக்ஸும் சலவையில் விழுந்து எல்லாமே ரோஸ் நிறமாகும் இடத்தில், பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் சிரிக்கிறார்கள்.

தனியாக இருக்கிறேன், நாள் முழுக்க அலுப்பு. கலகலப்பான படம் பார்த்தால் சரியாகுமா?

அலுத்த மனசுக்குக் கலகலப்பு சில சமயம் இரைச்சலாகத்தான் கேட்கும். அப்போது அமைதியான படம் போடுங்கள். விம் வெண்டர்ஸின் பெர்ஃபெக்ட் டேஸ் (2023) டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவரின் நாட்களைக் காட்டுகிறது. காலையில் எழுகிறார், செடிக்குத் தண்ணீர் விடுகிறார், வண்டியில் பழைய கேசட் பாட்டுக் கேட்டபடி வேலைக்குப் போகிறார், மதியம் மர இலைகளுக்கு நடுவே விழும் வெளிச்சத்தைப் போட்டோ எடுக்கிறார். மறுநாளும் அதேதான். அரை மணி நேரத்தில் நம் மூச்சே நிதானமாகிவிடும். கோஜி யகுஷோவுக்கு இந்த வேடத்துக்காகக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

தமிழில் மெய்யழகன் (2024). பல வருடம் கழித்து ஊருக்கு வரும் அரவிந்த்சாமி, தன்னை "அத்தான்" என்று உரிமையோடு ஒட்டிக்கொள்ளும் கார்த்தியின் பெயரே தெரியாமல் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். மெதுவான படம். வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். அவசரமில்லாத இரவு என்றால் மட்டும் போடுங்கள்.

மெய்யழகன் இயக்குநர் பிரேம்குமாரைப் பற்றி ஒரு சுவையான செய்தி. நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம் (2012) படத்தில், கல்யாணத்துக்கு முன்னால் கிரிக்கெட் ஆடித் தலையில் அடிபட்டு நினைவு தவறி, சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளை உண்டல்லவா? அது இவருக்கு நிஜமாகவே நடந்தது. அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவும் இவரே. நண்பர்களோடு பார்க்க அதுவும் அருமையான தேர்வு.

வீட்டில் ஒருவர் துக்கத்தில் இருக்கிறார். அவரைத் தேற்ற என்ன படம் போடலாம்?

முதலில் அவரிடமே கேளுங்கள். அப்பாவை இழந்து சில வாரமே ஆன நண்பனை வீட்டுக்குக் கூப்பிட்டு, "சிரிச்சு ரொம்ப நாளாச்சு, வா" என்று ஒரு காமெடிப் படம் போட்டேன். நான் வருடங்களுக்கு முன் பார்த்தது. பாதியில் மருத்துவமனைக் காட்சி வரும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போனவன் ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. படத்தை நிறுத்திவிட்டு அவனோடு போய் நின்றேன்.

அதிலிருந்து, யாருக்காகப் போடுகிறேனோ அவருடைய காயத்தைத் தொடும் காட்சி எதுவும் உண்டா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். மரணம், நோய், கலைந்த கர்ப்பம், முறிந்த உறவு இவையெல்லாம் "ஜாலி" என்று பெயர் வாங்கிய படங்களிலும் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அவருக்கு நன்றாகப் பழக்கமான, ஏற்கெனவே பிடித்த பழைய படம்தான் இந்த நேரத்துக்குப் பாதுகாப்பானது.

பழைய காமெடிகளைப் போட்டால் சில இடங்கள் இப்போது உறுத்துகின்றன. என்ன செய்வது?

உண்மைதான். நிறத்தையும் உடம்பையும் கேலி செய்வது, பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்பது, திருநங்கைகளை இழிவாகக் காட்டுவது என்று நாம் ஒரு காலத்தில் யோசிக்காமல் சிரித்தவை ஏராளம். உறுத்தினால் அது நல்ல அறிகுறி. பிள்ளைகள் கூட இருந்தால் சத்தமாகவே சொல்லிவிடுங்கள், "இது தப்பு" என்று. படம் முழுக்க அதையே நம்பி இருந்தால், எவ்வளவு பெரிய வெற்றிப் படமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். பஞ்சதந்திரம் (2002) வசனத்துக்காக நான் கொண்டாடும் படம், ஆனால் அது பெரியவர்கள் மட்டும் பார்க்க வேண்டியது.

எந்தப் படம் என்று தேடியே ஒரு மணி நேரம் போய்விடுகிறது.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். ரிமோட்டோடு எல்லோரும் சேர்ந்து தேடவே கூடாது. ஒருவர் முன்கூட்டியே மூன்று படம் தேர்ந்தெடுக்கட்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றை வேண்டாம் என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. மிஞ்சுவதைப் போடுங்கள். மூன்றுமே அடிபட்டால் அடுத்தவர் மூன்று சொல்லட்டும். அடுத்த வாரம் எப்படியும் வேறொருவர் முறை.

ட்ரெய்லர் போட்டுக் காட்டாதீர்கள். காமெடிப் படத்தின் நல்ல சிரிப்புகள் பாதி அதிலேயே போய்விடும்.

எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது நல்லது?

தூங்கப் போகும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தமிழ்ப் படம் என்றால் இரண்டரை மணி நேரம், நடுவில் எழுந்து உட்கார அரை மணி, முடிந்ததும் பேச அரை மணி. அந்தக் கடைசி அரை மணியை விட்டுவிடாதீர்கள். "அந்த இடத்துல அவன் முழிச்சான் பாரு" என்று ஆளாளுக்கு நடித்துக் காட்டுவதில்தான் பாதி மகிழ்ச்சி.

பார்த்த படத்தையே திரும்பப் பார்ப்பது நேர விரயமா?

இல்லவே இல்லை. கதை தெரிந்துவிட்டதால் கண்ணுக்கு விடுதலை கிடைக்கிறது; பேசுபவரை விட்டு ஓரத்தில் நிற்பவரைப் பார்க்கலாம். பாலையாவை நான் கண்டுபிடித்தது அப்படித்தான்.

இந்தப் படங்கள் எல்லாம் எங்கே கிடைக்கும்?

ஓடிடி உரிமைகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. படத்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு மாலைக்குத் திட்டமிடுங்கள். பழைய தமிழ்ப் படங்களில் பல, தயாரிப்பு நிறுவனங்களின் யூடியூப் சேனல்களிலேயே கிடைக்கின்றன.

அரை மணி நேரம் ஆகியும் யாரும் ஒன்றவில்லை. பாதியில் நிறுத்தலாமா?

தாராளமாக. தேர்ந்தெடுத்தவர் மனசு நோகாமல் நிறுத்துங்கள், அது மட்டும் முக்கியம். அவரையே "வேற ஏதாவது போடலாமா?" என்று கேட்க விடுங்கள். அப்புறம் நேரம் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் இருந்தால் டோட்டோரோவுக்கு இடம் உண்டு. அதுவும் இல்லையென்றால் நாகேஷ் கதை சொல்லும் அந்தக் காட்சியை மட்டும் தேடிப் போடுங்கள், சில நிமிடம்தான்.